பள்ளி திறக்கும் முன்: எந்த மிஸ் வேண்டும் என்று கேட்கலாமா?

கேள்வி இதுதான்: "என் மகள் ஒரு மெட்ரிக் பள்ளியில் இரண்டாம் வகுப்பு முடித்து மூன்றாம் வகுப்புக்குப் போகிறாள். அங்கே மூன்று செக்ஷன். பி செக்ஷன் மிஸ் ரொம்பக் கண்டிப்பு, சத்தம் போடுவார் என்று வாட்ஸ்அப் குரூப்பில் பேசிக்கொள்கிறார்கள். என் பெண் வாய் திறந்து பேசவே யோசிப்பவள். ஏ செக்ஷனில் போடச் சொல்லிப் பிரின்சிபாலிடம் கேட்கலாமா? பள்ளிகள் இதை எப்படித்தான் முடிவு செய்கின்றன?"

கேட்கலாம். ஆனால் மிஸ் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். உங்கள் பெண் எப்படிப்பட்டவள் என்பதை எழுதிக் கொடுங்கள். நோட்டீஸ் போர்டில் பட்டியல் ஒட்டுவதற்கு முன்பே கொடுங்கள். நீங்கள் மே மாதத்தில் கேட்டிருப்பதால் இன்னும் நேரம் இருக்கிறது.

நான் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளி ஒன்றில் 22 வருடம் வேலை பார்த்தேன். அப்புறம் ஒரு மெட்ரிக் பள்ளியில் தொடக்கப் பிரிவின் பொறுப்பில் 9 வருடம் இருந்தேன். செக்ஷன் பிரிக்கும் மேசையில் எத்தனையோ மே மாதங்கள் உட்கார்ந்திருக்கிறேன். அந்த மேசையில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால், எதைக் கேட்டால் பலன் இருக்கும் என்பதும் தெரிந்துவிடும்.

ஆண்டுத் தேர்வு முடிந்து பேப்பர் திருத்தியதும், அந்த வகுப்பின் மூன்று கிளாஸ் டீச்சர்களையும் ஒன்றாக உட்கார வைப்பேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சீட்டு. பெண் பிள்ளைகளுக்குச் சிவப்பு மை, பையன்களுக்கு நீலம். முன்பக்கம் பெயர், வாசிப்பு எப்படி, கணக்கு எப்படி. பின்பக்கம் அந்த மிஸ் தன் கையெழுத்தில் இரண்டு வரி எழுதியிருப்பார். "தனியாகக் கேட்டால் பதில் வரும்." "ஜன்னல் பக்கம் உட்காரவைக்க வேண்டாம்." "அப்பா துபாயில், லீவுக்கு வந்து போனால் ஒரு வாரம் சரியாக இருக்க மாட்டான்." பட்டியல் உருவாவது இந்தப் பின்பக்கத்தை வைத்துத்தான்.

முதலில், அதிகம் உதவி வேண்டிய பிள்ளைகளின் சீட்டுகளை மூன்று குவியலிலும் சமமாக வைப்போம். அடுத்து, வகுப்பை இழுத்துக்கொண்டு போகக்கூடிய பிள்ளைகளை. அப்புறம் பெண், ஆண் எண்ணிக்கை. அதன் பிறகு, ஒருவரையொருவர் அடித்துக்கொள்ளும் ஜோடிகளைப் பிரிப்போம். ஒருத்தி இல்லாமல் மற்றவள் பேசவே மாட்டாள் என்ற ஜோடியை ஒரே குவியலில் விடுவோம். ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தால் ஆளுக்கொரு செக்ஷன். இரட்டைப் பிள்ளைகள் என்றால் அது தனிப் பேச்சு. (இரட்டையரை ஒரே வகுப்பில் வைப்பதா பிரிப்பதா என்பதைப் பெற்றோரிடம் கேட்காமல் பள்ளி முடிவு செய்வது தப்பு என்பது என் கருத்து. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் 2005லேயே இதற்கென்று ஒரு சட்டம் போட்டு, பெற்றோரின் பேச்சுக்கு இடம் கொடுத்தது.) சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் ஒரு செக்ஷனுக்கு 40 பேர் என்பது விதி. மேல் வகுப்புகளில் பிள்ளை எந்த மொழியை எடுக்கிறது என்பதை வைத்தே செக்ஷன் அமைந்துவிடுவதும் உண்டு. அந்த மாதிரி இடங்களில் நீங்கள் என்ன கேட்டாலும் டைம்டேபிள் இடம் கொடுக்காது.

எந்தக் குவியல் எந்த மிஸ்ஸுக்கு என்பது கடைசியில்தான் முடிவாகும். குவியலில் இருக்கும் பிள்ளைகளைப் பார்த்த பிறகு, இவர்களுக்கு யார் பொருந்துவார் என்று யோசிப்போம். அதனால் "ஏ செக்ஷன் மிஸ்" என்று நீங்கள் இப்போது சொல்பவர் ஜூனில் சி செக்ஷனில் இருக்கலாம், நான்காம் வகுப்புக்கே மாறியிருக்கலாம், வேலையை விட்டும் போயிருக்கலாம். தனியார் பள்ளிகளில் கோடை விடுமுறையில் ஆசிரியர்கள் மாறுவது சாதாரணம். குரூப்பில் ஓடும் செய்தி பெரும்பாலும் போன வருடத்துப் பட்டியலை வைத்து வருவது.

பெயர் சொல்லிக் கேட்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு ஒரு சம்பவம் காரணம். ஒரு வருடம், பள்ளி திறந்து நான்கு நாள் ஆகியிருந்தது. தாளாளர் வழியாக ஒரு சிபாரிசு வந்தது, "இந்தப் பிள்ளையை இன்ன மிஸ்ஸிடம் மாற்றிவிடுங்கள்" என்று. அந்த செக்ஷன் நிரம்பியிருந்தது. ஒருவர் உள்ளே வந்தால் ஒருவர் வெளியே போக வேண்டும். யாருடைய வீட்டிலிருந்து சண்டைக்கு வர மாட்டார்களோ, அந்தப் பிள்ளையின் பெயரைத்தான் தேடினோம். அப்பா லோடுமேன், அம்மா பூக் கட்டுபவர். அந்தப் பையன் அமைதியானவன். யாரை நம்பி அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தானோ, அந்த ஒரே சிநேகிதனிடமிருந்து அவனை எழுப்பிப் பக்கத்து வகுப்புக்கு அனுப்பினேன். மாற்றலில் கையெழுத்துப் போட்டது நான். காலாண்டுத் தேர்வு வரைக்கும் அவன் இடைவேளையில் பழைய வகுப்பின் வாசல்படியில் வந்து நின்றுகொண்டிருப்பான். உள்ளே போக மாட்டான், நிற்பான். அதற்குப் பிறகு பட்டியல் ஒட்டியபின் சிபாரிசுக்காக ஒரு சீட்டைக்கூட நான் நகர்த்தியதில்லை. அதனால் கொஞ்சம் பகை சம்பாதித்தேன், பரவாயில்லை.

சரி, ஆசிரியர் யார் என்பது அவ்வளவு முக்கியமா என்றால், முக்கியம்தான். உங்கள் கவலையை நான் தள்ளிவிடவில்லை. ராஜ் செட்டி, ஜான் ஃப்ரீட்மன், ஜோனா ராக்காஃப் என்ற மூன்று பொருளியல் அறிஞர்கள், அமெரிக்காவில் பள்ளிப் பதிவுகளையும் வருமான வரிப் பதிவுகளையும் சேர்த்துப் பார்த்து 2014இல் ஆய்வை வெளியிட்டார்கள். நூறு ஆசிரியர்களில் முதல் பதினாறு பேருக்குள் வரக்கூடிய ஒருவரிடம் ஒரே ஒரு வருடம் படித்த பிள்ளைக்கு, சராசரி ஆசிரியரிடம் படித்த பிள்ளையைவிட 28 வயதில் வருமானம் சுமார் 1.3 சதவீதம் கூடுதலாக இருந்தது. ஒரு வருடத்துப் பாடம் இருபது வருடம் தள்ளியும் தெரிகிறது என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

ஆனால் பெற்றோர் தேடிப் போகும் ஆசிரியரும் இந்த ஆசிரியரும் எப்போதும் ஒருவராக இருப்பதில்லை. பிரையன் ஜேக்கப், லார்ஸ் லெஃப்கிரன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2007இல் இதைத்தான் ஆராய்ந்தார்கள். பெற்றோர் பெயர் சொல்லிக் கேட்ட ஆசிரியர்களையும், அதே ஆசிரியர்களைப் பற்றித் தலைமை ஆசிரியர்கள் சொன்ன மதிப்பீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். மொத்தத்தில், பிள்ளைகளைச் சந்தோஷமாக வைத்திருப்பவர் என்று பெயர் வாங்கிய ஆசிரியர்களைத்தான் பெற்றோர் அதிகம் கேட்டிருந்தார்கள். ஏழைப் பிள்ளைகள் அதிகம் படித்த பள்ளிகளில் மட்டும் இது தலைகீழ். படிப்பை முன்னேற்றும் ஆசிரியரைத்தான் அந்தப் பெற்றோர் தேடினார்கள். பிள்ளை சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று நினைப்பதில் தப்பே இல்லை. வகுப்பு வாசலில் சிரித்த முகத்தோடு நிற்கும் மிஸ்ஸை வைத்து மட்டும் கணக்குப் போட வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

எங்கள் பள்ளியிலும் சத்தமான மிஸ் ஒருவர் இருந்தார். அவர் குரல் மாடிப்படி வரை கேட்கும். ஒவ்வொரு ஜூனிலும் "அந்த மிஸ் மட்டும் வேண்டாம்" என்று இரண்டு மூன்று பேராவது வந்துவிடுவார்கள். ஒரு வருடம், உங்கள் மகளைப் போலவே ஒரு பேசாத பெண் அவரிடம் போனாள். அம்மா என் அறையில் உட்கார்ந்து அழுதார். இரண்டு வாரம் பொறுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். பத்தாவது நாளோ என்னவோ, அந்த மிஸ் இரண்டு நோட்டுகளைக் கொண்டுவந்து என் மேசையில் விரித்து வைத்தார். "இந்தப் பிள்ளை எழுதுற தப்பெல்லாம் பக்கத்துல இருக்கிற பையனோட தப்பு மேடம். 'மரம்'ல வல்லின றகரம் ரெண்டு நோட்டுலயும் இருக்கு. இவ போர்டைப் பார்த்து எழுதல, அவன் நோட்டைப் பார்த்துத்தான் எழுதுறா. கண்ணு தெரியல போல." கண் டாக்டரிடம் காட்டினார்கள். இரண்டு கண்ணிலும் பவர். இரண்டு வருடமாக யாரும் கவனிக்காதது அது. முந்தைய மிஸ்களும் நல்லவர்கள்தான், அன்பானவர்கள்தான். ஆனால் தினமும் எல்லா நோட்டையும் வரி வரியாகப் பார்த்தவர் இந்தச் சத்தக்கார மிஸ் மட்டும்தான்.

அதற்காகக் கண்டிப்பு என்ற பெயரில் எதையும் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். "இதைத் திரும்ப எழுதிக்கொண்டு வா" என்று உரக்கச் சொல்வது வேறு. "நீயெல்லாம் எதுக்குப் பள்ளிக்கூடம் வர்றே" என்று மற்றப் பிள்ளைகள் முன்னால் கேட்பது வேறு. அடிப்பதும் மன ரீதியாகத் துன்புறுத்துவதும் 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவின்படி தடை செய்யப்பட்டவை. தனியார் பள்ளிக்கும் அது பொருந்தும். அப்படி நடந்தால் இரண்டு வாரமெல்லாம் பொறுக்க வேண்டாம், அன்றைக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். பள்ளி கேட்காவிட்டால் தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டும் இருக்கின்றன. உங்கள் பிள்ளையை மட்டும் வேறு செக்ஷனுக்கு மாற்றிக்கொண்டு வந்துவிட்டால், மிச்சம் 38 பேர் அங்கேயே இருப்பார்கள்.

இப்போது கடிதத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் பல தொடக்கப் பள்ளிகளில், படிப்பு ஆண்டு முடியும் முன்பே பெற்றோருக்கு ஒரு படிவம் கொடுப்பார்கள். ஆசிரியர் பெயரை எழுத வேண்டாம், உங்கள் பிள்ளை எந்த மாதிரிச் சூழலில் நன்றாகக் கற்கிறது என்று எழுதுங்கள் என்று அதிலேயே போட்டிருக்கும். நம் ஊர்ப் பள்ளிகளில் அப்படிப் படிவம் தரும் வழக்கம் குறைவு. அதனால் என்ன, நீங்களே எழுதிக் கொடுக்கலாம். ஒரு பக்கம் போதும். இந்த மாதிரி:

"என் மகள் இரண்டாம் வகுப்பு சி பிரிவில் படித்தாள். புதியவர்களிடம் பேச இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொள்வாள். விடை தெரிந்தாலும் கை தூக்க மாட்டாள்; பக்கத்தில் போய்க் கேட்டால் சொல்லிவிடுவாள். யாராவது சத்தம் போட்டால் அழ மாட்டாள், ஆனால் அன்றைக்கு டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வரும். பாத்ரூம் போக அனுமதி கேட்கக் கூச்சப்படுவாள். வாசிப்பது பிடிக்கும். போன வருடம் ஒரு சிநேகிதி பக்கத்தில் இருந்தபோது நன்றாகப் பேசினாள். பிரிவு அமைக்கும்போது இவற்றைக் கவனத்தில் கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்."

டிபன் பாக்ஸ் வரியைக் கவனியுங்கள். "சென்சிட்டிவான குழந்தை" என்று எழுதினால் அது மேசையில் இருக்கும் முக்கால்வாசிக் கடிதங்களில் இருக்கும். டிபன் பாக்ஸ் திரும்பி வரும் என்று எழுதினால், அந்தப் பிள்ளை கண் முன்னால் வந்து நின்றுவிடுவாள். அந்த வரி சீட்டின் பின்பக்கத்தில் ஏறிவிடும், எந்த மிஸ்ஸிடம் போனாலும் கூடவே போகும். இதைப் பிரின்சிபாலிடம் ஒரு நகல், போன வருட கிளாஸ் டீச்சரிடம் ஒரு நகல் கொடுங்கள். போன வருட மிஸ்ஸின் வார்த்தைக்கு அந்த மேசையில் மதிப்பு அதிகம்.

சில விஷயங்களை மட்டும் வேண்டுகோளாக இல்லாமல் அழுத்தமாகவே கேளுங்கள்: காது, கண், நடை தொடர்பான குறைபாடு, வலிப்பு, ஆஸ்துமா, மாடி ஏற முடியாத நிலை, போன வருடம் உங்கள் பிள்ளையைத் தொடர்ந்து துன்புறுத்திய இன்னொரு பிள்ளை. இவற்றுக்கு டாக்டர் கடிதமோ, முன்பு கொடுத்த புகாரின் நகலோ சேர்த்துக் கொடுத்தால், எந்தப் பள்ளியும் "பார்க்கலாம்" என்று தட்டிக்கழிக்க முடியாது. நல்ல மிஸ் ஒருவரிடம் ஒரு வருடம் நன்றாகப் பொருந்திப் போயிருந்தால், அதே மிஸ் மேல் வகுப்புக்கும் வருவாரா என்றும் கேட்கலாம். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத் தொடக்கப் பள்ளிகளை வைத்து 2018இல் வந்த ஓர் ஆய்வில், அதே ஆசிரியரிடம் இரண்டாம் வருடமும் படித்த பிள்ளைகள் சிறிதளவாவது மேலாகச் செய்திருந்தார்கள். எங்கள் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு மிஸ்ஸை இரண்டாம் வகுப்புக்கும் சேர்த்து அனுப்பிப் பார்த்தோம். ஜூன் மாத அழுகை பாதியாகக் குறைந்தது.

பள்ளிகளுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. முதலாவது, மார்க்கை வைத்து ஏ, பி, சி என்று பிரிக்காதீர்கள். எட்டு வயதுப் பிள்ளைக்குத் தான் எந்தக் குவியலில் இருக்கிறோம் என்று நன்றாகத் தெரியும். சி செக்ஷன் பையன் ஒருவன் என்னிடம், "எங்களுக்கு வேற கேள்வித்தாளா மிஸ்?" என்று கேட்டிருக்கிறான். அந்த வருடம் அப்படிப் பிரித்திருந்தோம், அடுத்த வருடம் விட்டுவிட்டோம். இரண்டாவது, கல்வி உரிமைச் சட்டப்படி 25 சதவீத இடத்தில் சேர்ந்த பிள்ளைகளை ஒரே செக்ஷனில் ஒதுக்கக் கூடாது. அவர்களை வகுப்பறையில் மற்றவர்களிடமிருந்து பிரிக்கக் கூடாது என்று மத்திய அரசின் மாதிரி விதிகளே சொல்கின்றன. மூன்றாவது டியூஷன். சாயங்காலம் டியூஷன் எடுக்கும் மிஸ்ஸிடமே செக்ஷன் கேட்டு வரும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன், மிஸ்ஸுமே அதை விரும்புவதையும் பார்த்திருக்கிறேன். ஆசிரியர்கள் தனி டியூஷன் எடுக்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 28ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. செக்ஷன் பட்டியலில் அந்தக் கணக்கு நுழைந்தால் பட்டியலே கெட்டுப்போகும். அப்புறம், பட்டியலைப் பள்ளி திறக்கும் காலையில் ஒட்டாமல் நான்கைந்து நாள் முன்னால் சொல்லிவிடுங்கள். முதல் நாள் நெரிசலில், அம்மாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தன் பெயரைத் தேடும் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய பயம் தெரியுமா?

அரசுப் பள்ளியில் பிள்ளையைப் படிக்க வைக்கும் பெற்றோர் இதைப் படித்தால், நமக்கு இதெல்லாம் எங்கே என்று நினைக்கலாம். நினைப்பது நியாயம்தான். 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்குச் சட்டப்படியே இரண்டு ஆசிரியர்கள்தான். ஐந்து வகுப்பை இரண்டு பேர் பார்க்கிறார்கள். 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகள் வகுப்பு வாரியாக இல்லாமல் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை வாரியாகக் கற்கிறார்கள். அங்கே "எந்த டீச்சர்" என்ற கேள்விக்கு முன்னால் "டீச்சர் வருவாரா" என்ற கேள்வி நிற்கிறது. மாறுதல் கலந்தாய்வில் ஒருவர் சொந்த ஊருக்குப் போய்விடுவார். ஆகஸ்ட் 1ஆம் தேதியின் மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பணியிடம் நிர்ணயிப்பார்கள். எண்ணிக்கை குறைந்திருந்தால் ஒருவர் உபரி என்று பணிநிரவலில் வேறு பள்ளிக்குப் போவார். இன்னொருவர் பேறுகால விடுப்பில் இருப்பார். அது 2021 முதல் 12 மாதம், அவருடைய உரிமை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த ஒரு வருடத்துக்கு மாற்று ஆள் கேட்பதுதான் நம் வேலை.

அங்கே பெற்றோர் கையில் இருக்கும் கருவி பள்ளி மேலாண்மைக் குழு. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். தனி ஆளாக வட்டாரக் கல்வி அலுவலரைப் பார்ப்பதைவிட, "எங்கள் பள்ளியில் ஓர் இடம் காலி" என்று குழுவில் தீர்மானம் போட்டு, தேதியோடு கையெழுத்து வாங்கிக் கொடுப்பதற்கு வலு அதிகம். பிள்ளையைச் சேர்க்க நினைப்பவர்கள் ஜூலைக்குள் சேர்த்துவிடுங்கள், ஆகஸ்ட் கணக்கில் அந்தப் பெயர் இருக்க வேண்டும். பத்துப் பிள்ளைகள் கூடுதலாக இருந்ததால் ஓர் ஆசிரியர் பணியிடம் தங்கிய பள்ளியை எனக்குத் தெரியும்.

மறுபடியும் உங்கள் பெண்ணிடம் வருகிறேன். பி செக்ஷன் மிஸ்ஸைப் பற்றிக் குரூப்பில் வருவதை அவள் காதுபட வீட்டில் பேசாதீர்கள். பிள்ளைகள் விளையாடிக்கொண்டேதான் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அந்தப் பயம் அவள் மனதில் உட்கார்ந்துவிட்டால், அந்த மிஸ் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஜூன் முழுக்க வீணாகிவிடும். புத்தகம் வாங்கப் பள்ளிக்குப் போகும் நாளில் அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். மூன்றாம் வகுப்பு எந்த மாடி, பாத்ரூம் எந்தப் பக்கம், குடிதண்ணீர் எங்கே என்று நடந்து காட்டுங்கள். கூச்சமுள்ள பிள்ளைகளுக்கு முதல் வாரத்தில் மிஸ்ஸைவிட இதுதான் பெரிய கவலையாக இருக்கும்.

பட்டியலில் பி என்றே வந்தால் உடனே ஆபீஸ் ரூமுக்குப் போக வேண்டாம். இரண்டு வாரம் பாருங்கள். சாயங்காலம் வந்ததும் "மிஸ் எப்படி?" என்று கேட்காமல், "இன்னைக்கு நீ யார் பக்கத்துல உட்கார்ந்தே, என்ன எழுதினே?" என்று கேளுங்கள். டிபன் பாக்ஸைத் திறந்து பாருங்கள். அதற்கு முன்னால், இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, மணி அடித்துப் பிள்ளைகள் கலைந்தபின் அந்த மிஸ்ஸைப் பார்த்து வணக்கம் சொல்லி, அதே கடிதத்தின் ஒரு நகலை அவர் கையிலும் கொடுங்கள். "என் பொண்ணு தானா சொல்ல மாட்டா மிஸ், நீங்க கேட்டா சொல்லிடுவா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வாரம் அவருக்கு நாற்பது புதுப் பெயர்கள், நாற்பது புது முகங்கள். அதில் ஒரு முகத்தைப் பற்றி இவ்வளவு தெளிவாக யாராவது சொல்லிவிட்டுப் போனால், மறுநாள் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது அந்தப் பெயர் வந்ததும் அவர் தலையை நிமிர்த்தி அவளைப் பார்ப்பார்.